இரண்டாம் ரவுண்டுக்கும் மூன்றாம் ரவுண்டுக்கும் நடுவே

போன மாதம் ஜார்ஜ்டவுனில் கலப்புச் சண்டைப் போட்டி நடத்துகிறவர்கள் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ரிங் ஓரத்தில் வேலை செய்யப் புதிதாகச் சேர்ந்திருக்கும் மருத்துவ உதவியாளர்களுக்கு இரண்டு மணி நேரம். முட்டி வலியோடு மாடி ஏறிப் போனேன். கயிறு கட்டிய ரிங் இப்போது அங்கே இல்லை. எட்டுப் பக்கமும் கம்பி வலை போட்ட கூண்டு நிற்கிறது. நாங்கள் அட்டையில் பேனாவால் எழுதியதை அவர்கள் கண்ணாடிப் பலகையில் விரலால் தட்டுகிறார்கள். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மிஸ்ஸி, ஒண்ணு கேக்கலாமா? ஜெயிச்சவன் கையத் தூக்கறதுக்கு முன்னாடி அவனுக்குத்தான் மொதல்ல டெஸ்ட் பண்ணணும்னு விதியில இருக்கு. அடி வாங்கினவன் தோத்தவன்தானே? ஏன் ஜெயிச்சவன மொதல்ல பார்க்கறோம்?"

"ஜெயித்தவனை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, அதனால்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது பொய் இல்லை. ஆனால் முழுப் பதிலும் இல்லை. முழுவதையும் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

எழுபதுகளில் நர்ஸ் பயிற்சி முடித்து, இங்கே நர்ஸ்களைக் கூப்பிடுகிறபடி ஒரு 'மிஸ்ஸி'யாக, ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் சேர்ந்தேன். அப்பா ரயில்வேயில் கிளார்க், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். குத்துச்சண்டை எங்கள் வீட்டில் வாயால் சொல்லக்கூடிய விஷயமே இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் டாக்டர் கனகசபை எங்கள் வார்டுக்கு வந்தார். அரசாங்க வேலையோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் குத்துச்சண்டைப் போட்டிகளுக்கு ரிங் ஓர டாக்டராகவும் இருந்தவர். மூன்று நர்ஸ்களை வரிசையாக நிற்க வைத்து, "இப்ப வெளியில போன நோயாளி எந்தக் கையில மணிக்கூடு கட்டியிருந்தவர்?" என்று கேட்டார். ஒருத்தி வலது என்றாள், இன்னொருத்தி இடது என்றாள். அவர் கடிகாரம் கட்டியிருக்கவில்லை, கட்டிய தடம் மட்டும் இடது கையில் இருந்தது என்று நான் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை ரிங்குக்கு வரச் சொன்னார். கண் பார்க்கும், பார்த்தது மறக்காது என்று அவர் என்னைப் பற்றி நம்பினார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அவர் வேலை செய்யும்போது உட்கார மாட்டார். ஒவ்வொரு சண்டைக்காரனையும் தொடுவதற்கு முன் கையைக் கழுவி, இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே அவருடைய முதல் சோதனை. பிறகு கைவிரல் எலும்புகளை ஒவ்வொன்றாக அழுத்துவார். கண்ணில் டார்ச் அடிப்பார், முதலில் வலது, பிறகு இடது, மறுபடி வலது. ஒருமுறை ஒற்றைக் கண் பார்வை போன ஒருவன் சுவரில் தொங்கிய எழுத்துப் பலகை முழுவதையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். தடங்கல் இல்லாமல் வாசித்தான். டாக்டர் பாராட்டிவிட்டு, அவனோடு பேசிக்கொண்டே அவன் இடது காதுப் பக்கம் விரலை மெல்லக் கொண்டுபோனார். அவன் கண் சிமிட்டவில்லை. டாக்டர் அட்டையை மூடி அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "வீட்டை போம் தம்பி" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

ஆளுக்கொரு மஞ்சள் அட்டை உண்டு. முன்பக்கம் எடை, ரத்த அழுத்தம், நாடி, கண்மணி அளவு. பின்பக்கம் மூன்று கேள்வி. காலையில் என்ன சாப்பிட்டீர்? யாரோடு வந்தீர்? எந்த வழியாக வந்தீர்? சண்டைக்கு முன்னால் கேட்டு, அவர்கள் சொன்ன பதிலைச் சொன்ன சொல்லிலேயே நான் எழுத வேண்டும். சண்டை முடிந்த பிறகு அதே மூன்றையும் மறுபடி கேட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும். மூளை குலுங்கியவனுக்கு முதலில் போவது அன்றைய காலைதான்.

ஒருநாள் நான் கேட்டேன். "டாக்டர், ரொட்டி தின்றானா இட்லி தின்றானா என்று தெரிந்து நமக்கு என்ன?"

"நான் பதிலுக்காகக் கேக்கேல்லைப் பிள்ளை. ஆர் பதில் சொல்லுறது எண்டு பாக்கிறன்."

அன்று எனக்கு அது புரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கலப்புச் சண்டை வந்தது. குத்துவது, உதைப்பது, தூக்கிப் போட்டுத் தரையில் பிடித்து மடக்குவது, மூன்றும் ஒரே ரிங்கில். உதைச் சண்டையான தோமோய் ஆடுகிறவனும் ஜூடோக்காரனும் குத்துச்சண்டைக்காரனும் ஒருவரோடு ஒருவர் மோதலாம். விதியே இல்லாத சண்டை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். டாக்டர் அந்த வேலைக்கும் கூப்பிட்டபோது, நானும் அப்படி நினைத்துத்தான் வேண்டாம் என்றேன். டாக்டர் என்னைக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடிக்கு அழைத்துப் போனார். கீழே நாசி கண்டார் சோற்றுக்கடையிலிருந்து கறி வாசம் ஏறி வர, மேலே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து விதி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

விதி நிறையவே இருந்தது. எடைப் பிரிவு மாறி மோதக்கூடாது. விரல்கள் வெளியே தெரியும் சின்ன கிளவுஸ். ஐந்தைந்து நிமிடமாக மூன்று ரவுண்டு, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. கண்ணில் விரல் விடக்கூடாது, கடிக்கக்கூடாது, தலையால் முட்டக்கூடாது. பிடரியிலும் முதுகெலும்பிலும் அடிக்கக்கூடாது. கீழே கிடப்பவன் தலையில் உதைக்கக்கூடாது. பிடியில் சிக்கியவன் தோற்றேன் என்று கையால் தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். மயங்கி விழுந்தவன் குறிப்பிட்ட காலம் மறுபடி ரிங் ஏறக்கூடாது. பெரிய கிளவுஸ் இருந்தால் பாதுகாப்பு என்றல்லவா நினைத்திருந்தோம். டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"கிளவுஸ் கையைத்தான் காப்பாத்துது. கை நோகாட்டி ஒருத்தன் இன்னொருத்தன்ர தலையில எவ்வளவு நேரமும் அடிக்கலாம். இதில தட்டிப்போட்டு எழும்பிப் போக வழி இருக்கு."

தட்டுவதில் வெட்கம் இல்லை என்று எழுதிவைத்த ஒரு சண்டை விளையாட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

டாக்டர் ஒரு விதி கூடுதலாகக் கேட்டார். வென்றவனையும் ரிங்கிலேயே பரிசோதிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கையைத் தூக்க வேண்டும். போட்டி நடத்துகிறவர் சிரித்தார்.

"டாக்டர், ஜெயிச்சவன் மூஞ்சியில போய் டார்ச் அடிச்சா, பார்க்க வந்த ஆளுங்க என்னா நெனைப்பாங்க? ரூமுக்கு வந்ததும் பாருங்கலா."

டாக்டர் விட்டுக்கொடுத்தார். உடை மாற்றும் அறையில், பதினைந்து நிமிடத்துக்குள் என்று எழுதினார்கள்.

அந்த வருடமே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தயாளன் வந்தான். இருபத்தாறு வயது. கடலுக்கு அக்கரையில், பைராம் தோட்டத்தில் அண்ணன் பழனியோடு குடியிருந்தான். பக்கத்தில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தோட்டத்திலேயே தோமோய் கற்றுக்கொண்டவன், பிடிச் சண்டை பிறகு பழகியது. அன்று ஜெயித்தால் கோலாலம்பூரில் பெரிய போட்டிக்குக் கூப்பிடுவார்கள் என்ற பேச்சு இருந்தது. மனைவி ஏழாம் மாதம். லாரி ஓட்டும் பழனிதான் அவனுடைய கார்னர் ஆள், தண்ணீர் கொடுப்பது, துடைப்பது, யோசனை சொல்வது எல்லாம்.

அட்டையின் பின்பக்கம் அவன் சொன்னதை எழுதினேன். இப்போதும் வரி மாறாமல் சொல்வேன். "இந்தக் கரையில எறங்கி சூலியா தெருவுல ரொட்டி சானாய் ரெண்டு, தே தாரிக் ஒண்ணு. அண்ணன்கூட மோட்டார்ல வந்தேன். பாலத்துல காத்து அதிகம், அதனால ஃபெரியில. ஃபெரி லேட்டு மிஸ்ஸி, ரொம்ப நேரம் நின்னோம்."

எதிராளி ஈப்போவிலிருந்து வந்த ஜூடோக்காரர், லிம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தயாளன் சத்தம் போட்டுச் சண்டை போடுகிறவன். ஒவ்வொரு உதைக்கும் பல் இடுக்கில் காற்றை விட்டு 'உஸ்' என்பான், கார்னரைப் பார்த்துச் சிரிப்பான், பழனி கத்தினால் பதில் கத்துவான். முதல் ரவுண்டின் மூன்றாவது நிமிடத்தில் லிம் அவனை இடுப்பில் ஏற்றித் தூக்கிப் போட்டார். வலது காதுக்கு மேலே தலை தரையில் பட்டது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. இரண்டு விநாடி கிடந்தான். பிறகு எழுந்தான்.

எழுந்த பிறகு அவனிடமிருந்து சத்தம் வரவில்லை.

அதை நான் உடனே கவனித்தேன் என்று சொன்னால் பொய். ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது, மின்விசிறி நின்றுபோன அறையில் இருப்பதுபோல. எது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் முன்பைவிட நன்றாகச் சண்டை போட்டான். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, அவன் இமைக்கவில்லை. கார்னர் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

முதல் ஓய்வில் டாக்டர் ஏறினார். பெயரைச் சொன்னார், அவன் திரும்பினான். டார்ச் அடித்தார், இரண்டு கண்மணியும் சமமாகச் சுருங்கின. "எப்பிடி இருக்கிறீர்?" என்றார். "நல்லாருக்கேன் டாக்டர்" என்றான். "எத்தனையாவது ரவுண்டு முடிஞ்சது?" "ஒண்ணு." அதற்கு ஒரு நொடி முன்னால்தான் பழனி அவன் காதில் "ஒண்ணு முடிஞ்சிருச்சுடா" என்று சொல்லியிருந்தான். கூட்டத்தின் சத்தத்தில் டாக்டருக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

இரண்டாம் ரவுண்டு முழுவதும் லிம் பின்வாங்கிக்கொண்டே இருந்தார். அவர் பின்னால் என்னிடம் சொன்னது: ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது. அடித்தால் வலி முகத்தில் தெரியவில்லை, ஏமாற்றினால் ஏமாறவில்லை. பார்வையாளர்கள் எழுந்து நின்று தயாளன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

இரண்டாம் ஓய்வு. லிம்முக்குப் புருவம் கிழிந்திருந்ததால் டாக்டர் அந்தப் பக்கம் போய்விட்டார். தயாளன் பக்கம் நான் ஐஸ் துணியோடு நின்றேன். பழனி குனிந்து தம்பியின் தொடையைப் பிசைந்துகொண்டே, "அவன் களைச்சிட்டான்டா, கழுத்தப் புடி, கழுத்தப் புடி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். தயாளன் நேராக என்னைப் பார்த்தான்.

"மிஸ்ஸி, எப்ப ஆரம்பிக்கும்?"

மெதுவாக, மரியாதையாகக் கேட்டான். ஆஸ்பத்திரியில் நம்பர் வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருப்பவர் கேட்பதுபோல. மூச்சு வாங்கவில்லை. பத்து நிமிடம் சண்டை போட்டவன் குரல் அப்படி இருக்காது. என் முழங்கை மயிர் சிலிர்த்தது இன்றும் நினைவிருக்கிறது. அடுத்த ரவுண்டைத்தான் கேட்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் என்னிடமிருந்து நான்கு எட்டு வைக்கும் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கூப்பிட்டிருக்கலாம். மணி அடித்தது. பழனி முக்காலியை இழுத்துக்கொண்டான். தயாளன் எழுந்து போனான்.

மூன்றாம் ரவுண்டில் பின்னாலிருந்து லிம்மின் கழுத்தைப் பிடித்தான். லிம் தட்டினார். ரெஃப்ரி தயாளன் தோளைத் தொட்டு நிறுத்தினார். அவன் விடவில்லை. ரெஃப்ரி கத்தினார். விடவில்லை. கோபம் இல்லை, வெறி இல்லை, அவன் முகம் தூங்குகிறவன் முகம்போல இருந்தது. கடைசியில் ரெஃப்ரியும் பழனியும் சேர்ந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். லிம் இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். தயாளனின் கையை உயர்த்தினார்கள். உயர்த்தியவர் விட்ட பிறகும் அந்தக் கை மேலேயே நின்றது. பழனி வந்து இறக்கிவிட்டான்.

உடை மாற்றும் அறையில் டாக்டரும் நானும் பழனியும் அவனும். வெளியே நல்ல வெயில், ஜன்னல் கம்பி நிழல் தரையில் விழுந்திருந்தது. டாக்டர் கையைத் தேய்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"தயாளன். காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"இன்னும் சாப்பிடல டாக்டர்."

"ஆரோட வந்தனீர்?"

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். பழனியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அண்ணே, ஃபெரி வந்துருச்சா?"

பழனி சிரித்தான். "என்னடா தம்பி, விளையாடுறியா? ஜெயிச்சிட்டடா! கோலாலம்பூர்டா!"

"ஜெயிச்சிட்டனா?" தயாளனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கையெடுத்துக் கும்பிட்டான். கண் கலங்கினான். பிறகு தலையை லேசாக வலது பக்கம் சாய்த்து, "அண்ணே, ஃபெரி வந்துருச்சா?" என்றான்.

பழனியின் சிரிப்பு நின்றது. "ஜெயிச்சிட்ட, சண்டை முடிஞ்சிருச்சு" என்று மறுபடி சொன்னான். "ஜெயிச்சிட்டனா?" அதே சந்தோஷம், அதே கும்பிடு, அதே கண்ணீர். தலை வலது பக்கம் சாய்ந்தது. "அண்ணே, ஃபெரி வந்துருச்சா?"

பல வருடம் அவசரப் பிரிவில் வேலை செய்தவள் நான். செத்தவர்களைத் துடைத்திருக்கிறேன். அந்த அறையில்தான் பயந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட முழுதாகப் போகவில்லை, மறுபடி அதே வாக்கியம். சொல் மாறவில்லை, ராகம் மாறவில்லை, தலை சாய்வது மாறவில்லை. எழுதிக்கொண்டே வந்தேன், பதினான்கு முறை. ஒவ்வொரு முறையும் பழனி பதில் சொன்னான். முதலில் விளக்கமாக, பிறகு சுருக்கமாக, பிறகு அழுதுகொண்டே, "வரும்டா, வரும்டா" என்று.

டாக்டர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வந்து அவன் முன்னால் நின்றார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று சொன்னேனே, அன்று தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவன் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்துக்கொண்டார்.

பதினைந்தாவது முறை அவன் கேட்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"ஃபெரி வந்துருச்சுண்ணே" என்றான்.

எழுந்துகொள்ளப் போகிறவன்போல இரண்டு கையையும் முட்டியில் ஊன்றினான். அப்படியே முன்னால் சரிந்தான். டாக்டர் மார்பில் தாங்கிக்கொண்டு அவன் இமையை விலக்கினார். வலது கண்மணி முழுக்க விரிந்திருந்தது. டார்ச் வெளிச்சத்துக்கு அது அசையவில்லை.

மண்டை ஓட்டுக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தது. தலையைத் திறந்து எடுத்தார்கள். அன்றைக்கு ஆம்புலன்ஸும் அறுவை டாக்டரும் கையெட்டும் தூரத்தில் கிடைத்ததால் பிழைத்தான். மூன்றாம் நாள் கண் விழித்து, மனைவியின் பெயரைச் சரியாகச் சொன்னான். ஆனால் ஃபெரித்துறையில் வரிசையில் நின்றதற்கு மேல் அவனுக்கு எதுவுமே நினைவில்லை. சூலியா தெரு ரொட்டி, என் அட்டை, லிம், வெற்றி, ஒன்றும் இல்லை.

 இரண்டாம் ஓய்வில் அவன் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி வேறு யார் காதிலும் விழவில்லை, பழனி காதில்கூட விழவில்லை. நான் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. போட்டிச் சங்கம் வைத்த விசாரணைக்கு முதல்நாள் டாக்டர் அறைக்குப் போய், நின்றபடியே சொல்லிவிட்டேன். தம்பியின் காதில் பழனி ரவுண்டு எண்ணிக்கையை ஓதியதையும் சொன்னேன்.

அவர் மஞ்சள் அட்டையைத் தேடி எடுத்தார். பிறகு, "நீர் அவருக்கு என்ன பதில் சொன்னனீர்?" என்று கேட்டார்.

"ஒன்றும் சொல்லவில்லை டாக்டர். மணி அடித்துவிட்டது."

அட்டையை என் பக்கம் தள்ளினார். "எழுதும். நேரத்தையும் போடும்."

எழுதினேன். 'இரண்டாம் ஓய்வில் இவ்வாறு கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. டாக்டரைக் கூப்பிடவும் இல்லை.' கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே அவர், 'முதல் ஓய்வில் கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை' என்று எழுதித் தானும் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தண்டனையாக ஒரு சொல்கூட அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

விசாரணையில் போட்டி நடத்துகிறவர், வெற்றி வெற்றிதான் என்றார். லிம் தட்டினாரா இல்லையா? தட்டினார். டாக்டர் அட்டையை மேசை மேல் வைத்தார்.

"ஒரு ஆள் சம்மதிச்சுத்தான் இந்த ரிங்கில ஏறலாம். அதுதான் எங்கட முதல் விதி. முதல் ரவுண்டு மூண்டாம் நிமிஷத்துக்குப் பிறகு இந்தத் தம்பி சம்மதிக்கேல்லை. சம்மதிக்க அங்க ஆளில்லை."

 வெற்றி தோல்வி இல்லாத சண்டை என்று பதிவு செய்தார்கள். தயாளனின் உரிமம் நிரந்தரமாக ரத்தானது. ஓய்வு நிமிடத்தில் மூன்று கேள்விகளில் ஒன்றைக் கேட்பது, கார்னர் ஆள் அந்த நேரம் வாயைத் திறக்கக்கூடாது என்பது, டாக்டர் மட்டுமில்லாமல் நர்ஸும் கையைத் தூக்கிச் சண்டையை நிறுத்தலாம் என்பது, ஜெயித்தவனை முதலில் பார்ப்பது, எல்லாம் அதற்குப் பிறகு எழுதியவை.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை தயாளன் டாக்டரைத் தேடி வந்தான், பழனியோடு. முடி வளர்ந்து வடுவை மூடியிருந்தது. பெண் குழந்தை பிறந்திருந்தது. வேலைக்கும் திரும்பப் போகிறான். பார்க்க நன்றாகவே இருந்தான்.

"டாக்டர், அந்தச் சண்டைய யாரோ படம் புடிச்சாங்களாம். நான் பார்க்கணும். எல்லாரும் அதப் பத்திப் பேசறாங்க, எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியல."

டாக்டர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். சங்க அறையில் ஒரு டிவியும் கேசட் போடும் பெட்டியும் இருந்தன. என்னையும் வரச் சொன்னார். எதிர்ப் பக்கத்துப் பார்வையாளர் ஒருவர் எடுத்த படம். கூட்டத்தின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை.

முதல் மூன்று நிமிடம் தயாளன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தான். தன் உதைக்குத் தானே 'உஸ்' என்றான். லிம் தூக்கிப் போட்டார். திரையில் இருந்தவன் எழுந்தான். நாற்காலியில் இருந்தவன் மெதுவாகப் பின்னால் சாய்ந்தான்.

"மிஸ்ஸி" என்றான் கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "அது நான் இல்ல."

பழனி அவன் முதுகைத் தடவினான். "நீதான்டா. இடுப்புல உன் சிலுவார்தான் போட்டிருக்க பாரு."

"என் சிலுவார்தான். என் ஒடம்புதான். ஆனா அவன் எனக்குத் தெரியாத ஆளுண்ணே. நல்லாத்தான் அடிக்கிறான். எனக்குப் பயமா இருக்கு அவனப் பார்த்தா."

இரண்டாம் ரவுண்டு முடிந்தது. முக்காலி வந்தது. பழனி குனிந்தான். ஐஸ் துணியோடு நான் திரையில் தெரிந்தேன். தயாளனின் தலை என் பக்கம் திரும்பியது, உதடு அசைந்தது. அந்தக் கேள்விதான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மணி அடிக்கும், அவன் எழுந்து போவான் என்று எனக்குத் தெரியும்.

திரையில் இருந்த நர்ஸ் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் உதடு அசைந்தது. அவள் கை அவன் தோளில் இரண்டு முறை தட்டியது. அதற்குப் பிறகுதான், மணி அடித்திருக்க வேண்டும், மற்றவர்கள் அசைந்தார்கள். அவன் எழுந்து போனான்.

"நிப்பாட்டுங்கள்" என்றேன். டாக்டர் பின்னால் ஓட்டிப் போட்டார். மறுபடி பார்த்தோம். மறுபடி. என் முகம், என் உதடு. நான் சொன்ன சொல்லை என் உதட்டிலிருந்து நானே படிக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருப்பவர்களிடம் நாளுக்கு நூறு தடவை நான் சொல்கிற சொல்தான். 'இந்தா, இப்ப.'

எனக்கு அது நினைவில்லை. அன்று மாலையிலும் அது நினைவில் இல்லை, அட்டையில் எழுதிய நாளிலும் இல்லை, இதை எழுதும் இந்த நிமிடத்திலும் இல்லை. என் தலையில் அடி எதுவும் படவில்லை. ஆனாலும் அந்த நொடியில் நான் இருந்த இடத்தில் வேறு யாரோ ஒருத்தி நின்று, சிரித்து, அவனை அனுப்பி வைத்திருக்கிறாள்.

 டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து, அந்த மஞ்சள் அட்டையை எடுத்து, பேனாவோடு என் முன்னால் வைத்தார். 'நான் பதில் சொல்லவில்லை' என்ற வரியை அடித்துவிட்டு எழுதத் தொடங்கினேன். எழுதிய எழுத்தின் மேல் கண்ணீர் சொட்டியது.

"அப்ப நான் கேட்டதுக்கு என்ன மிஸ்ஸி சொன்னீங்க?" என்று தயாளன் கேட்டான்.

அவனைப் பார்த்துச் சொன்னேன். "நீ எப்ப ஆரம்பிக்கும்னு கேட்ட. நான், இந்தா இப்பன்னு சொல்லியிருக்கேன். நான்தான் உன்ன அனுப்பினேன், தம்பி."

அவன் திரையைப் பார்த்தான். பெட்டி நிறுத்தி வைத்த இடத்தில் அந்த நர்ஸின் சிரிப்பு லேசாக ஆடிக்கொண்டு நின்றது. அவளுக்குக் கீழே முக்காலியில் அவன் முகம். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, நல்ல மனதோடுதான் சொன்னான்.

"அழாதீங்க மிஸ்ஸி. நீங்க என்கிட்ட சொல்லல. அவன்கிட்டதானே சொன்னீங்க."